படுத்தால் மறையும் வீக்கம்

படுத்தால் மறைந்துவிடுகிறது என்பதுதான் இந்த நோயில் உள்ள பெரிய சிக்கல். காலையில் எழும்போது தொடை இடுக்கில் ஒன்றும் இருக்காது. வேலைக்குப் போய் மத்தியானம் வரை நின்றுகொண்டே இருந்தால், ஒரு பக்கம் லேசாகப் புடைத்திருக்கும். இருமினால் கொஞ்சம் பெரிதாகும். கழிப்பறையில் முக்கினால் இன்னும் பெரிதாகும். இரவு மல்லாந்து படுத்து மெல்லத் தடவிவிட்டால் 'களுக்' என்று உள்ளே போய்விடும். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. தானாக வந்து தானாகப் போகிற ஒன்றுக்காக டாக்டர் முன்னால் வேட்டியை அவிழ்க்க யாருக்கு மனம் வரும்? மனைவியிடம்கூடச் சொல்லாமல் வருஷக்கணக்கில் இதை வைத்துக்கொண்டிருக்கும் ஆண்கள் நம் ஊர்களில் நிறையப் பேர்.

குடலிறக்கம், ஹெர்னியா என்றெல்லாம் சொல்லப்படும் இந்தக் கோளாறு அப்படியொன்றும் அபூர்வமானது இல்லை. ஒருவர் தன் வாழ்நாளில் தொடை இடுக்குக் குடலிறக்கத்துக்காக அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் வாய்ப்பு எவ்வளவு என்று இங்கிலாந்தில் கணக்கிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஆண்களுக்கு 27 சதவீதம், பெண்களுக்கு 3 சதவீதம். உலகம் முழுவதும் ஆண்டுக்கு 2 கோடி பேருக்கு மேல் இந்த அறுவை சிகிச்சை நடக்கிறது. நால்வரில் ஒரு ஆணுக்கு வரக்கூடியதை ஊரே ரகசியமாக வைத்திருக்கிறது.

ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏன் இத்தனை வித்தியாசம் என்று கேட்டால், பிறப்பதற்கு முந்தைய மாதங்களுக்குப் போக வேண்டும். கருவில் விதைகள் உருவாவது விதைப்பையில் அல்ல. வயிற்றுக்குள்ளே, முதுகுப் பக்கமாக, சிறுநீரகங்களுக்கு அருகில். அங்கிருந்து மெல்ல மெல்லக் கீழே நகர்ந்து, ஏழாம் மாதவாக்கில் அடிவயிற்றுச் சுவரைக் கடந்து விதைப்பைக்கு வந்து சேர்கின்றன. விந்தணு உருவாக உடலின் உள்வெப்பம் ஒத்துவராது, இரண்டு மூன்று டிகிரியாவது குறைவாக இருக்க வேண்டும் என்பதே இந்த இடமாற்றத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். எல்லாப் பாலூட்டிகளுக்கும் இது பொருந்தாது. யானையின் விதைகள் கடைசிவரை வயிற்றுக்குள்ளேயேதான் இருக்கின்றன.

விதை இறங்கும்போது வயிற்றின் உள்ளுறையான பெரிட்டோனியமும் ஒரு குறுகிய பையாக நீண்டு அதனோடு கீழே வருகிறது. பிறப்பை ஒட்டிய காலத்தில் இந்தப் பை தூர்ந்துபோக வேண்டும். சில குழந்தைகளுக்குத் தூராமல் நின்றுவிடுகிறது. வழி மிகக் குறுகலாக இருந்தால் வயிற்று நீர் மட்டும் கசிந்து விதையைச் சுற்றித் தேங்கும். அகலமாக இருந்தால் குடலே இறங்கும். வலது விதை இடதைவிடத் தாமதமாக இறங்குவதால் வலப்பக்கப் பையும் தாமதமாகத்தான் மூடுகிறது. வலப்பக்கக் குடலிறக்கம் அதிகமாக இருப்பதற்கு இதுவே காரணம் என்கிறார்கள். மாதம் நிறையாமல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பை மூட நேரமே கிடைப்பதில்லை என்பதால் அவர்களிடம் இது இன்னும் அதிகம்.

விதை கடந்துபோன அந்தப் பாதை பெரியவர்களிடம் சுமார் 4 செ.மீ. நீளம். நேராகத் துளைத்துக்கொண்டு போகாமல், தசை அடுக்குகளுக்கு நடுவே சாய்வாகப் போகிறது. விந்துக்குழாய், ரத்தக் குழாய்கள், நரம்புகள் எல்லாம் ஒரே கட்டாக அதன் வழியேதான் விதைக்குச் செல்கின்றன. பெண்களின் பாதையில் கருப்பையைத் தாங்கும் ஒரு மெல்லிய தசைநார் மட்டும் போகிறது, பாதையும் மிகவும் குறுகல். அந்தச் சாய்வில் ஒரு நுட்பம் இருக்கிறது. நாம் இருமும்போதோ பாரம் தூக்கும்போதோ வயிற்றுத் தசைகள் இறுகி, அந்தப் பாதையை மேலிருந்து அழுத்தி மூடிவிடுகின்றன. எந்த நேரத்தில் குடல் வெளியே தள்ளப்பட வேண்டுமோ அந்த நேரத்திலேயே வழி அடைபடுகிறது. கோடிக்கணக்கான ஆண்கள் ஆயுள் முழுக்க மூட்டை தூக்கியும் ஹெர்னியா வராமல் இருப்பது இதனால்தான்.

அந்தத் தடுப்பு தோற்றுப்போவது இரண்டு விதமாக. பிறவியிலேயே தூராத பையின் வழியாக, மேலே உள்ள உள்வாயில் புகுந்து, சாய்வுப் பாதை முழுவதையும் கடந்து இறங்குவது ஒன்று. இதை மறைமுகக் குடலிறக்கம் என்கிறார்கள். இளைஞர்களிடம் இதுதான் அதிகம், விதைப்பை வரை இறங்குவதும் பெரும்பாலும் இதுதான். பாதையின் பின்சுவரே வயதாக ஆக நைந்து, முன்பக்கமாகப் புடைத்து வருவது இன்னொன்று, நேரடிக் குடலிறக்கம். அது புடைக்கும் முக்கோணப் பகுதியை ஃபிரான்ஸ் ஹெசல்பாக் என்ற ஜெர்மானிய உடற்கூறு அறிஞர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரையறுத்தார். இன்றும் அறுவை அரங்குகளில் அவர் பெயராலேயே அந்த இடத்தைச் சொல்கிறார்கள்.

"அன்னைக்கு ஒரு அரிசி மூட்டையைத் தூக்கினேன் டாக்டர், அதுல இருந்துதான்" என்று சொல்லாத நோயாளி குறைவு. தூக்கிய அன்று வீக்கம் முதன்முதலாகத் தெரிந்தது உண்மையாக இருக்கலாம். ஆனால் பழியை முழுக்க மூட்டையின் மேல் போட முடியாது. தந்தைக்கோ அண்ணனுக்கோ இருந்தால் தனக்கும் வரும் வாய்ப்பு கூடுகிறது. ஹெர்னியா உள்ளவர்களின் திசுக்களில் உறுதியான கொலாஜன் வகையின் விகிதம் குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. புகைப்பதும் திசுவின் உறுதியைக் குலைக்கிறது. நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், புராஸ்டேட் வீக்கத்தால் முக்கிச் சிறுநீர் கழிப்பது எல்லாம் ஏற்கெனவே பலவீனமான சுவரின் மேல் அழுத்தத்தைக் கூட்டுகின்றன. அறுபது வயதுக்காரருக்குப் புதிதாக ஹெர்னியா வந்தால், நல்ல மருத்துவர் முதலில் சிறுநீர் எப்படிப் போகிறது, இருமல் எத்தனை நாளாக என்று விசாரிப்பது அதனால்தான்.

சைக்கிள் டயரில் வெடிப்பு விழுந்த இடத்தில் டியூப் பிதுங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றை இறக்கினால் பிதுக்கம் அடங்கும், டயரின் வெடிப்பு அப்படியேதான் இருக்கும். குடலிறக்கத்தில் குடலுக்கு எந்த நோயும் இல்லை, சுவரில்தான் ஓட்டை. அந்த ஓட்டையை மாத்திரையால் மூட முடியாது, லேகியத்தாலும் முடியாது, எண்ணெய் தேய்த்தாலும் ஆசனம் செய்தாலும் முடியாது. கடைகளில் விற்கும் ஹெர்னியா பெல்ட்டும் வெளியிலிருந்து அழுத்திப் பிடிக்கிறதே தவிர எதையும் குணப்படுத்துவதில்லை. அறுவை சிகிச்சையைத் தாங்க முடியாத உடல்நிலை உள்ள சிலருக்குத் தற்காலிகமாக உதவலாம். குடல் வெளியே இருக்கும்போதே அதன் மேல் பெல்ட்டை இறுக்கிக் கட்டுவது ஆபத்து.

பைக்குள் இறங்குவது எப்போதும் குடல்தான் என்றும் இல்லை. பல நேரம் குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புத் திரைதான் வரும். மூத்திரப்பையின் ஒரு ஓரம் வரலாம், பெண் குழந்தைகளுக்குச் சினைப்பையே வரலாம். 1735இல் லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் கிளாடியஸ் அம்யாண்ட் பதினொரு வயதுப் பையனின் குடலிறக்கத்தைத் திறந்தபோது உள்ளே குடல்வாலைக் கண்டார். பையன் விழுங்கியிருந்த ஊசி ஒன்று அதைக் குத்தியிருந்தது. மயக்க மருந்தே இல்லாத காலம். அவர் குடல்வாலை வெட்டி எடுத்தார், பையன் பிழைத்தான். வரலாற்றில் பதிவான முதல் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தது ஒரு ஹெர்னியாவுக்குள்தான்.

நோயைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. "ஐயா, எழுந்து நில்லுங்க. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு நல்லா ஒரு தடவை இருமுங்க." மருத்துவர் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து, இருமும் நொடியில் இரண்டு பக்கத்தையும் கண்ணால் பார்ப்பார். பிறகு விரல்களை வைத்து மறுபடி இருமச் சொல்வார். ஒவ்வொரு இருமலுக்கும் விரலில் வந்து முட்டும் அந்த உந்துதலைத் தொட்டுப் பழகியவருக்குச் சந்தேகமே வராது. அடுத்துப் படுக்க வைத்து, வீக்கம் தானாக உள்ளே போகிறதா என்று பார்ப்பார். படுக்க வைத்தே பரிசோதித்து "ஒன்றும் இல்லை" என்று அனுப்பிவிடுவதுதான் இதில் அடிக்கடி நடக்கும் தவறு. நிற்கச் சொல்லாவிட்டால் நீங்களே "நின்றால்தான் தெரியும்" என்று சொல்லிவிடுங்கள்.

யானைக்கால் நோய் பரவியிருந்த காவிரிப் படுகை ஊர்களில் விதைப்பை வீக்கம் என்றாலே 'ஓதம்' என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஓதம் என்பது விதையைச் சுற்றித் தேங்கும் நீர். விதைப்பையின் மேற்புறக் கழுத்தை இரு விரல்களால் பிடித்துப் பார்த்தால், ஓதத்தில் விரல்கள் வீக்கத்துக்கு மேலே ஒன்றுசேரும். ஹெர்னியாவில் சேராது, ஏனென்றால் வீக்கம் வயிற்றிலிருந்தே தொடர்ந்து வருகிறது. இருட்டறையில் டார்ச் வெளிச்சத்தை ஒட்டி வைத்தால் ஓதம் செக்கச் சிவந்து ஒளிரும். மேலோட்டமாகப் பார்த்து ஓதம் என்று ஊசி போட்டு நீர் உறிஞ்சப் போனால், உள்ளே இருப்பது குடலாக இருந்தால் என்ன ஆகும்?

வலி இருக்கிறது, வீக்கம் கைக்குத் தட்டுப்படவில்லை என்றால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் உதவும். ஆனால் வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் "சிறிய ஹெர்னியா" என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, தொந்தரவே இல்லாதவர் அறுவை சிகிச்சைக்கு ஓட வேண்டியதில்லை.

அவசரம் எது, அவசரமில்லாதது எது என்பதுதான் இந்த அத்தியாயத்தில் எனக்கு மிக முக்கியம். வழக்கமாக உள்ளே போகும் வீக்கம் ஒருநாள் போகாமல் நின்று, கல் போல இறுகி, விடாமல் வலித்தால் அது அவசரம். குடல் ஓட்டையின் கழுத்தில் சிக்கி நெரிபடுகிறது. முதலில் ரத்தம் உள்ளே வந்து வெளியேற முடியாமல் குடல் வீங்கும். வீங்கியதால் நெரிசல் இன்னும் கூடும். கடைசியில் ரத்தம் உள்ளே வருவதும் நின்று, சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கும். வாந்தி, வயிறு உப்புசம், வாயு பிரியாமை, வீக்கத்தின் மேல் தோல் சிவத்தல் எல்லாம் இதன் அடையாளங்கள். நம் வீடுகளில் இதை "வாயு பிடிச்சிருக்கு" என்று எண்ணிச் சுக்குக் கஷாயம் கொடுப்பார்கள், இல்லையென்றால் பேதிக்குக் கொடுப்பார்கள். இரண்டுமே கூடாது. ஒன்றும் சாப்பிடாமல், வீக்கத்தைப் பிசைந்து தள்ளாமல், அறுவை அரங்கு உள்ள மருத்துவமனைக்கு அந்த ராத்திரியே கிளம்ப வேண்டும். விடியட்டும் என்று காத்திருந்தால், ஓட்டையை மட்டும் மூடும் எளிய அறுவை சிகிச்சை குடலை வெட்டி இணைக்கும் பெரிய அறுவை சிகிச்சையாகிவிடும்.

குழந்தைகளுக்கு நெரிசல் ஆபத்து அதிகம். கைக்குழந்தை விடாமல் அழுதால் டயாப்பரைக் கழற்றித் தொடை இடுக்கையும் ஒருமுறை பாருங்கள். குழந்தைகளின் குடலிறக்கத்தைத் தள்ளிப்போடாமல் சரிசெய்துவிடுவார்கள். சுவர் நன்றாகவே இருப்பதால் பையைக் கட்டினாலே போதும், பெரியவர்களுக்குச் சுவரை வலுப்படுத்த வைக்கும் வலை தேவையில்லை. பெண்களிடம் வேறொரு வகை மறைந்திருக்கிறது. தொடை இடுக்கு மடிப்புக்குக் கொஞ்சம் கீழே, தொடையின் பெரிய ரத்தக் குழாய்களை ஒட்டி இறங்கும் குடலிறக்கம் அது. சின்ன நெல்லிக்காய் அளவே இருக்கும், நெறி கட்டியிருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். அதன் வாய் இறுகலானது என்பதால் நெரிபடும் ஆபத்து மிக அதிகம். வயதான பெண்மணிக்குக் காரணம் தெரியாத வாந்தியும் வயிற்று உப்புசமும் வந்தால், புடவையைத் தளர்த்தி அந்த இடத்தைப் பார்க்காமல் பரிசோதனையை முடிக்கக் கூடாது.

தொந்தரவு இல்லாத, எளிதில் உள்ளே போகும் ஹெர்னியா உள்ள ஆண் என்ன செய்வது? கண்டவுடன் அறுத்துவிட வேண்டும் என்பதே வெகுகாலம் விதியாக இருந்தது. வட அமெரிக்காவில் 720 ஆண்களை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு உடனே அறுவை சிகிச்சை செய்து, மறுகுழுவைக் கவனித்து மட்டும் வந்தார்கள். 2006இல் வெளியான முடிவு பலருக்கும் ஆச்சரியம். காத்திருந்தவர்களில் திடீர்ச் சிக்கல் வந்த விகிதம் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு இரண்டுகூட இல்லை. காத்திருக்கலாம், உயிருக்கு மோசமில்லை. ஆனால் அதே ஆட்களைத் தொடர்ந்து பார்த்தபோது, பத்தாண்டுக்குள் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் வலி கூடியதால் தாங்களாகவே அறுவை சிகிச்சைக்கு வந்துவிட்டார்கள். மகள் கல்யாணம் முடியட்டும், அறுவடை முடியட்டும் என்று ஒருவர் நாள் குறித்துக்கொள்வதில் தவறில்லை. அறுவை சிகிச்சைக்கான தேவையே வராமல் போய்விடும் என்று நம்புவதுதான் தவறு. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இந்தச் சலுகை பொருந்தாது.

இனி அந்த ஓட்டையை எப்படி மூடுவது என்பதன் கதை. 1867 அக்டோபரில் ரோமுக்கு அருகே வில்லா குளோரி என்ற இடத்தில் நடந்த மோதலில், எதுவார்தோ பசீனி என்ற 23 வயது இத்தாலிய இளைஞரின் வலது தொடை இடுக்கில் துப்பாக்கிச் சனியன் பாய்ந்தது. மருத்துவம் படித்து முடித்தவுடன் நாட்டின் ஒருமைப்பாட்டுக்காகத் துப்பாக்கி ஏந்தப் போயிருந்தவர். குடல் கிழிந்து, காயத்தின் வழியே மலம் கசிய மாதக்கணக்கில் கிடந்து பிழைத்தார். அதே பசீனி 1884இல் பாதுவா நகரில் புதிய முறையில் குடலிறக்க அறுவை சிகிச்சையைத் தொடங்கினார்.

அதுவரை அறுவை மருத்துவர்கள் பையைக் கட்டுவதிலும் வெளிவாயைத் தைத்து இறுக்குவதிலும் குறியாக இருந்தார்கள். பல நூற்றாண்டுகள் பையோடு சேர்த்து விதையையும் வெட்டி எடுத்திருக்கிறார்கள். பசீனிதான் பாதையை முழுக்கத் திறந்து, பின்சுவரையே திரும்பக் கட்டினார். உள்ளே உள்ள தசை அடுக்குகளைக் கீழே உள்ள தசைநாரோடு தைத்து, விதைக்குப் போகும் கட்டை அதன் முன்னே வைத்து, மேல் அடுக்கை மூடினார். 1889இல் 262 அறுவை சிகிச்சைகளின் விவரங்களை, பிந்தைய ஆண்டுகளில் நோயாளிகள் எப்படி இருந்தார்கள் என்பதோடு வெளியிட்டார். மீண்டும் வந்தது வெகு சிலருக்கே. குடலிறக்கம் குணப்படுத்தக்கூடியது என்று உலகம் நம்பத் தொடங்கியது அன்றுதான்.

ஆனாலும் ஒரு குறை மிஞ்சியது. தசை விளிம்பும் தசைநாரும் இயல்பாகத் தொட்டுக்கொண்டிருப்பவை அல்ல. இழுத்துத்தான் சேர்க்க வேண்டும். இழுத்துத் தைத்த இடம் வலிக்கும். நோயாளி இருமும் ஒவ்வொரு முறையும் நூல் திசுவை அறுக்கும். பசீனி முறையைச் சுருக்கிச் செய்தவர்களின் கைகளில் தோல்வி கூடியது. அடுத்த நூறு ஆண்டு முன்னேற்றம் முழுக்க இந்த இழுவிசையைப் போக்குவதைப் பற்றியதே என்று சொல்லலாம்.

1950களின் இறுதியில் டெக்சாஸைச் சேர்ந்த ஃபிரான்சிஸ் உஷர் பிளாஸ்டிக் வலையைக் கொண்டுவந்தார். லாஸ் ஏஞ்சல்ஸில் இர்விங் லிக்டன்ஸ்டைன் 1984இல் துணிந்து ஒரு படி மேலே போனார். விளிம்புகளைச் சேர்க்கவே வேண்டாம். நலிந்த சுவரின் மேல் உள்ளங்கை அளவு பாலிபுரோப்பிலீன் வலையை விரித்து, ஓரங்களில் நாலைந்து தையலால் நிறுத்தி, விதைக்கான கட்டு நுழைய ஒரு கீறல் மட்டும் விட்டால் போதும். சில வாரங்களில் உடலின் சொந்தத் திசு வலைக் கண்களுக்குள் வளர்ந்து, வலையும் சுவரும் ஒன்றாகிவிடும். இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும் ஊசியிலோ அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்தோ இதைச் செய்யலாம். 1989இல் அவர் குழு ஆயிரம் நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டது. நம் அரசு மருத்துவமனைகளில் இன்று பெரும்பாலும் நடப்பது இந்த முறைதான்.

1990களில், சிறு துளைகள் வழியே கேமராவை நுழைத்துச் செய்யும் லேப்ராஸ்கோப்பி வந்தது. வலையைச் சுவரின் உள்பக்கம் வைக்கிறார்கள். வயிற்றின் அழுத்தமே வலையைச் சுவரோடு ஒட்டி நிறுத்துகிறது என்பது அழகான யோசனை. வலி குறைவு, சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம். இரு பக்கமும் இருப்பவர்களுக்கும், முன்பு வெளிப்புறமாகச் செய்து மீண்டும் வந்தவர்களுக்கும், பெண்களுக்கும் இதுவே நல்லது. முழு மயக்கம் வேண்டும், பழகிய கைகளும் வேண்டும். எது உயர்ந்தது என்ற விவாதத்தைவிட, உங்கள் மருத்துவர் எதை நூற்றுக்கணக்கில் செய்திருக்கிறார் என்பது முக்கியம். அதைத் தயங்காமல் கேட்கலாம்.

அறுவை சிகிச்சைக்குப் பின் குடலிறக்கம் மறுபடி வருவதைவிட இன்று பெரிய கவலை, தீராத வலி. அந்தப் பகுதியில் மூன்று மெல்லிய நரம்புகள் ஓடுகின்றன. அவை தையலில் சிக்கினாலோ வலையோடு சேர்ந்து தழும்பேறினாலோ மாதக்கணக்கில் எரிச்சல் நீடிக்கும். பத்தில் ஒருவருக்கு ஓரளவேனும் இது இருக்கிறது, வேலையைக் கெடுக்கும் அளவுக்கு வருவது சிலருக்கே. தொந்தரவில்லாத ஹெர்னியாவை அவசரப்பட்டு அறுக்காமல் யோசிக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். விதைப்பை நீலம் பாய்ந்து வீங்குவது வேறு விஷயம். மூன்றாம் நாள் அதைப் பார்த்துப் பதறுவார்கள், ஓரிரு வாரத்தில் தானாக வடிந்துவிடும். ஆறு மாதம் கட்டிலிலேயே கிடக்க வேண்டும் என்பது பழைய கதை. அன்றோ மறுநாளோ நடக்கலாம், வலி அனுமதிக்கும் அளவுக்கு வேலை செய்யலாம். கனமான சுமைக்கு மட்டும் சில வாரம் பொறுக்கச் சொல்வார்கள்.

வலை வந்தபின் விலை ஒரு தடையானது. மகாராஷ்டிரத்தில் துளே மாவட்டத்தின் சிற்றூரான தோண்டாயிச்சாவில் ரவீந்திரநாத் டோங்காவ்கர் என்ற அறுவை மருத்துவர், வெளிநாட்டு வலையை வாங்க முடியாத நோயாளிகளுக்காகக் கொசுவலைத் துணியை வெட்டிக் கிருமி நீக்கிப் பயன்படுத்தினார். 2003இல் பல மருத்துவர்களின் அனுபவங்களைத் திரட்டி இந்திய அறுவை மருத்துவ இதழில் வெளியிட்டார். கேலி செய்தவர்களும் உண்டு. ஸ்வீடன், உகாண்டா மருத்துவர்கள் சேர்ந்து கிழக்கு உகாண்டாவில் 302 ஆண்களிடம் இதை முறைப்படி சோதித்து, 2016இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார்கள். சுமார் 1 டாலர் விலையுள்ள கொசுவலை ஒரு பக்கம், சுமார் 125 டாலர் விலையுள்ள வலை மறுபக்கம். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, கொசுவலைக் குழுவில் ஒரே ஒருவருக்குக் குடலிறக்கம் திரும்ப வந்திருந்தது, மற்றதில் யாருக்கும் இல்லை. சிக்கல்கள் இரு குழுவிலும் ஏறக்குறைய சமம். வசதி குறைந்த இடங்களில் இத்தகைய மலிவு வலைகளைப் பயன்படுத்தலாம் என்பதை 2018இல் வந்த சர்வதேச வழிகாட்டுதலும் ஏற்றுக்கொண்டது.